சுருங்கச் சொன்னவர்கள் – 11: கடைசியில் ஏறியது முதலில் இறங்கும்

போர்ட் பிளேரின் ஹாடோ துறையில் நிக்கோபார் பக்கம் போகிற கப்பலுக்குச் சரக்கு ஏற்றுவதை ஒரு முற்பகல் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். வெங்காய மூட்டை, சிமென்ட், முட்டை அட்டைகள், யாரோ வீடு மாற்றிக்கொண்டு போகிற இரும்பு பீரோ. மேஸ்திரி கையில் தாள் ஒன்றும் இல்லை. "கேம்பல் பே மூட்டை எங்கப்பா? அது முதல்ல அடியில போகட்டும்" என்று கத்திக்கொண்டே இருந்தார். கேம்பல் பே கடைசித் துறை. நாட்கணக்கில் கழித்து இறங்கப் போகிற மூட்டைக்கு எதற்கு இந்த அவசரம் என்று கேட்டுவைத்தேன்.

"ஹட் பே முதல்ல வருது தம்பி. அதை அடியில போட்டா, அங்க போய் மொத்தத்தையும் வெளிய எடுத்து வச்சுட்டுத் திரும்ப அடுக்கணும். மழை வேற. நீங்க வந்து தூக்குவீங்களா?"

கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். கணினிக்காரர்கள் ஸ்டாக் என்று சொல்லும் அடுக்கின் விதி முழுவதும் இதுதான். மேலே வைக்கலாம், மேலே இருப்பதை எடுக்கலாம், நடுவில் கைவிடக் கூடாது. இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு மொழிகளையே செய்தார்கள் சிலர். அவர்கள் கதைதான் இந்த இதழில்.

சென்ற இதழில் தந்தியில் நின்றோம். சொல்லுக்கு இவ்வளவு காசு என்று விதித்ததும் மனிதர்கள் வேற்றுமை உருபைக்கூட உதறிவிட்டுப் பேசப் பழகியதைப் பார்த்தோம். எங்கள் தீவுக்கு அந்தப் பழக்கம் காற்று வழியாக வந்தது. 1905-ல் போர்ட் பிளேருக்கும் பர்மாக் கரையை ஒட்டிய டைமண்ட் தீவுக்கும் இடையே லாட்ஜ்–மியூர்ஹெட் முறையில் கம்பியில்லாத் தந்தி ஓடத் தொடங்கியது. நடுவில் சுமார் 300 மைல் கடல். அதுவரை சேதி என்றால் கப்பல்தான். போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் மாறிவிட்டது. நடந்தபோது இருந்த பெயரையே இந்தத் தொடரில் வைத்துக்கொள்கிறேன்.

தந்திக்காரர் மனிதருக்குச் சுருக்கிச் சொன்னார். இயந்திரத்துக்குச் சுருக்கிச் சொல்லும் கலை தொடங்கியது ஒரு தர்க்கவியல் பேராசிரியரிடம்.

யான் வுகாசியேவிச் போலந்துக்காரர். 1924-ல் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது: என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லி, எதை வைத்துச் செய்ய வேண்டும் என்பதைப் பின்னால் சொன்னால் அடைப்புக்குறியே தேவைப்படாது. தர்க்க வாய்பாடுகளை எழுதி எழுதி அடைப்புக்குறி எண்ணிச் சலித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த யோசனையை அப்படியே கவிழ்த்துப் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் தத்துவம் கற்பித்த சார்லஸ் ஹாம்பிளின், போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் பார்த்தவர், 1957-ல் பொருளை முன்னும் செயலைப் பின்னும் வைத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் பவரும் சாமெல்சனும் இதற்கு வேண்டிய அடுக்குக்குக் காப்புரிமை கேட்டார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் 'நிலவறை'. உருளைக்கிழங்கை வீட்டுக்கு அடியில் போட்டு வைக்கிற ஊரில் வேறு என்ன பெயர் தோன்றும்? இங்கே பிறந்திருந்தால் அது கப்பலின் சரக்கறை ஆகியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் (2 + 3) × 4 என்று எழுதுவதை இந்த முறையில் இப்படி எழுத வேண்டும்:

2 3 + 4 *

இடமிருந்து வலம் படியுங்கள். இரண்டை அடுக்கில் வை. அதன் மேல் மூன்றை வை. கூட்டு என்றதும் மேலே இருக்கும் இரண்டும் இறங்கி, ஐந்தாக ஏறும். அதன் மேல் நாலு. பெருக்கு என்றதும் இருபது. அடைப்புக்குறிக்கு வேலையே இல்லை. 1972-ல் ஹியூலெட்-பேக்கர்ட் கொண்டுவந்த எச்பி-35 சட்டைப்பைக் கணிப்பானில் சமக்குறிப் பொத்தான் கிடையாது. கணக்கு இப்படித்தான் போட வேண்டும். வாங்கியவர்கள் முதல் நாள் திணறினார்கள். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே 'தலைகீழ்ப் போலந்துக் குறியீடு'.

எனக்கு எப்போதும் சிரிப்பு வருவது அந்தத் 'தலைகீழ்' என்ற சொல்லில்தான். மேலே உள்ள வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: இரண்டையும் மூன்றையும் கூட்டி, நாலால் பெருக்கு. ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. வினை கடைசியில் வருவதும், பொருள்கள் அதற்கு முன்னால் வரிசையில் காத்திருப்பதும் நம் வீட்டுப் பேச்சு. "சாவியை எடுத்துக் கதவைத் திறந்து விளக்கைப் போடு" என்று சொல்கிற ஒருவருக்கு அடுக்கு மொழி கற்பிக்க அரை மணி நேரம் போதும். இந்த முறை தலைகீழாகத் தெரிந்தது வினையை முன்னால் வைத்துப் பேசுகிறவர்களுக்கு.

இந்த வரிசையை முழு மொழியாக வளர்த்தவர் சார்லஸ் மூர். 1960களில் வேலைக்கு வேலை மாறும்போதெல்லாம் தனக்கென்று ஒரு சிறு கருவிப்பெட்டியை எழுதி, அதையும் தூக்கிக்கொண்டு போனவர். 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கிட் பீக் மலை மேல் வானொலித் தொலைநோக்கியை ஓட்டியது அந்தப் பெட்டிதான். நான்காம் தலைமுறைக் கணினிக்கான மொழி என்ற நினைப்பில், ஆங்கிலத்தில் 'நான்காவது' என்று பொருள்படும் சொல்லைப் பெயராக வைக்க எண்ணினார். அதற்கு ஆறெழுத்து. அவர் வேலை செய்த ஐபிஎம் 1130 கணினியோ கோப்பின் பெயருக்கு ஐந்தெழுத்துக்கு மேல் இடம் தராது. நடுவிலிருந்து ஓர் எழுத்தைப் பிடுங்கினார், ஒலி மாறவில்லை. ஃபோர்த் என்ற பெயரே இப்படிக் குறைந்து பிறந்த பெயர்.

சிக்கனம் அதோடு நிற்கவில்லை. தொடக்ககால ஃபோர்த், நாம் சூட்டும் பெயர்களை முழுதாகச் சேமிக்காது. எத்தனை எழுத்து, முதல் மூன்று எழுத்து எவை, அவ்வளவுதான். தமிழில் அப்படி இருந்தால் கடல்மீனும் கடல்நாயும் அதற்கு ஒன்றுதான்: இரண்டுக்கும் ஐந்தெழுத்து, இரண்டும் க-ட-ல் என்று தொடங்குகின்றன. மூருக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. பெயர் மோதினால் வேறு பெயர் வை என்பார் போலிருக்கிறது. நினைவகம் தங்க விலை விற்ற காலம்.

ஃபோர்த்தில் நிரல் எழுதுவது என்றால் புதுச் சொல் உண்டாக்குவது. முக்காற்புள்ளியில் தொடங்கு, பெயர் சொல், ஏற்கெனவே தெரிந்த சொற்களால் பொருள் சொல், அரைப்புள்ளியில் முடி. அகராதி எழுதுவது போலத்தான். அவர்களும் அதை அகராதி என்றே சொல்கிறார்கள். பெயரில் இடைவெளி மட்டும் வரக் கூடாது. மற்றபடி எந்த எழுத்தும் சரி. இன்று இலவசமாகக் கிடைக்கும் ஜிஃபோர்த் தமிழ் எழுத்தையும் மறுக்காது. மேல்தட்டில் இருப்பதற்கு இன்னொரு படி எடுக்கும் சொல்லுக்கு 'நகல்' என்றும், + குறிக்குக் 'கூட்டு' என்றும் பெயர் சூட்டிவிட்டு இப்படி எழுதலாம்:

: இருமடி நகல் கூட்டு ;

7 இருமடி .

திரையில் 14 வரும். கடைசிப் புள்ளிக்கு 'அச்சிடு' என்று பொருள். ஒரு புள்ளிக்கு இவ்வளவு வேலை கொடுத்த மொழி வேறில்லை என்று நினைத்திருந்தேன். நினைப்பு தவறு என்று பின்னால் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

எண்ணைக் கையாள்வது இருக்கட்டும். சரம், அதாவது எழுத்துகளின் கோவை, இந்த அடுக்கில் எப்படி ஏறும்? இங்கேதான் மூரின் கூட்டம் கெட்டிக்காரத்தனம் காட்டியது. சரம் ஏறவே ஏறாது. நினைவகத்தில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அடுக்கில் ஏறுவது இரண்டு எண்கள்: எங்கே தொடங்குகிறது, எத்தனை பைட் நீளம். பீரோவைத் தூக்காமல் பீரோவின் சீட்டை மட்டும் தூக்குகிற மாதிரி. ஆகவே சரத்தின் கடைசி எழுத்தை வெட்ட வேண்டுமானால் எதையும் வெட்ட வேண்டாம். மேலே இருப்பது நீளம். அதில் ஒன்றைக் கழித்தால் போயிற்று:

1 -

சர வேலைக்கு இதைவிடச் சுருக்கமான, இதைவிட நேர்மையான நிரலை நான் பார்த்ததில்லை. 'அந்தமான்' என்ற சொல்லில் இதைச் செய்து பார்த்தேன். ன் போய் 'அந்தமா' நிற்கும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கேள்விக்குறி போட்ட ஒரு கட்டம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்; நான் மூன்றில் ஒரு பங்கை அறுத்திருக்கிறேன். 1-க்குப் பதில் 3 போட்டேன். 'அந்தமான' என்று வந்தது. எழுத்து போகவில்லை, புள்ளி போயிருக்கிறது. நாம் ஐந்தெழுத்து என்று எண்ணும் 'அந்தமான்' கணினிக்கு எட்டுக் குறி, 24 பைட். இந்தச் சங்கடம் கடைசியில் மறுபடி வரும்.

இந்தச் சிக்கனம் உண்மையில் உயிர்நாடியாக இருந்த இடம் ஒன்று உண்டு. அங்கே போக 2004 டிசம்பர் வழியாகப் போக வேண்டும்.

அந்த மாதம் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தன் குழுவோடு போர்ட் பிளேரில் ஓர் ஓட்டலில் ஆன்டெனா கட்டியிருந்தார். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு அந்தமான் அதுவரை கிடைக்காத கனி. 1987-க்குப் பிறகு இங்கிருந்து யாரும் பேசியிருக்கவில்லை. உலகமே வரிசையில் நின்று அவரோடு ஒரு நொடி பேசக் காத்திருந்தது. 26-ஆம் தேதி காலை ஆறரை மணியளவில் நிலம் ஆடியது. பிறகு கடல் வந்தது. தொலைபேசி செத்துப்போன ஊரில் அவருடைய பெட்டி பெருநிலத்துக்குப் பேசும் வாயானது. குழுவினர் கார் நிக்கோபாருக்கும் கருவியோடு போனார்கள். யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள்: செய்தி அவ்வளவுதான். அழைப்புக் குறி, பெயர், ஊர், அடுத்தவர். அந்த வாரம் இந்தத் தீவில் யாரும் யாரிடமும் நீளமாகப் பேசவில்லை.

அந்த ஹாம் கூட்டம்தான் விண்வெளியிலும் அடுக்கு மொழி பேசியது. அரசு இல்லை, நிறுவனம் இல்லை. பொழுதுபோக்குக்காரர்கள் சேர்ந்து தாங்களே செயற்கைக்கோள் செய்தார்கள். ஜெர்மனியின் கார்ல் மைன்சர் அவற்றின் மூளைக்காக 1970களில் ஃபோர்த்தின் தங்கை போல ஒரு மொழி எழுதினார். பெயர் ஐபிஎஸ். 1983 ஜூன் 16-ல் ஏரியன் ராக்கெட்டில் போன ஆஸ்கர்-10 அதில்தான் சிந்தித்தது. ஆர்சிஏ 1802 சில்லு, 16 கிலோபைட் நினைவகம். இந்தக் கட்டுரையின் முக்கால் பாகத்தைக்கூட அதில் தமிழில் வைக்க முடியாது. மேலிருந்து கீழே பேசும் வேகம் நொடிக்கு 400 பிட். அந்த வேகத்தில் நினைவகம் முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டவே ஐந்தரை நிமிடம் ஆகும். அப்படிப்பட்ட கூட்டுக்குள் ஒரு சொல்லை மிச்சம் பிடித்தால் அது மெய்யான மிச்சம்.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. ஐபிஎஸ்ஸின் சொற்களை மைன்சர் ஜெர்மனிலும் வைத்தார், ஆங்கிலத்திலும் வைத்தார். அடுக்குக்குப் பெயர் பற்றிக் கவலையில்லை. அந்தச் செயற்கைக்கோள் ஜெர்மன் பேசியிருக்கலாம் என்றால் தமிழும் பேசியிருக்கலாம். எழுத ஆள் வேண்டும், அவ்வளவே. ஆஸ்கர்-10-இன் நினைவகத்தைச் சில ஆண்டுகளில் கதிர்வீச்சு அரித்துவிட்டது. இருந்தும் பரம்பரை விடவில்லை: 2014 நவம்பரில் வால்மீன் மேல் இறங்கிய ஃபிலே கலத்தின் கணினி ஓடியது ஃபோர்த்தில்.

தேவைக்குச் சுருக்கியவர்கள் வரை சரி. இனி விளையாட்டுக்குச் சுருக்கியவர்கள்.

1990களின் இறுதியில் பெர்ல் மொழிக்காரர்களிடையே ஒரு பந்தயம் பரவியது: ஒரே வேலையை யார் குறைந்த விசைத்தட்டலில் முடிக்கிறார்? குறைந்த அடியில் முடித்தவர் ஜெயித்தார் என்பதால் கோல்ஃப் என்று பெயர். 2007-ல் டேரன் ஸ்மித் இந்தப் பந்தயத்துக்கென்றே ஒரு மொழி செய்தார்: கோல்ஃப்ஸ்கிரிப்ட். அடுக்குதான் அதன் முதுகெலும்பு. காரணம் எளிது. பெயர் சூட்டினால் எழுத்து செலவாகும்; அடுக்கில் பெயரே வேண்டாம், மேலே இருப்பது எதுவோ அதுதான். உள்ளீடு தானாகவே அடுக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும். முடிவில் அடுக்கில் மிஞ்சியது தானாகவே அச்சாகும். ஆகவே, கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் நிரலின் நீளம் பூஜ்யம். வெற்றுத்தாள் நிரலாக ஓடுகிற மொழி!

சரத்தைப் புரட்ட மூன்று குறி:

-1%

எதிர்த்திசையில் ஒவ்வொன்றாக எடு என்று பொருள். இருபுறமும் ஒன்றாகப் படிக்கிறதா என்று பார்க்க ஐந்து குறி:

.-1%=

தொடக்கத்தில் இருக்கும் புள்ளி, நகல் எடு. புரட்டு. இரண்டையும் ஒப்பிடு. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. உள்ளீட்டின் வால் பக்கம் ஒட்டிக்கொண்டு வரும் வரிமுறிவை மட்டும் முன்னதாகக் கழற்றிவிட வேண்டும். 'நகலெடுத்துப் புரட்டி ஒப்பிடு': இதுவும் தமிழ் வரிசைதான், கவனித்தீர்களா?

சில எழுத்தில் பல பொருள் அடங்க வேண்டும் என்று நூற்பாவுக்கு விதி சொன்ன நன்னூல்தான், பத்துக் குற்றங்களில் முதலாவதாகக் குன்றக் கூறலை வைக்கிறது. அதன் ஆசிரியர் பவணந்தியார் இந்த ஐந்து குறியை எந்தப் பக்கம் வைப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உரையாசிரியர் கூடவே வந்தால் நூற்பா, வராவிட்டால் குற்றம். என் கதையே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையின் சரக்குப் பட்டியலை ஒழுங்கு செய்ய, பெருமைக்காக ஒற்றை வரி நிரல் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு சின்ன மாற்றம் கேட்டார்கள். நான் எழுதியது எனக்கே புரியவில்லை. முழுவதையும் புதிதாக, நாற்பது வரியில், வெட்கத்தோடு எழுதினேன். அதனால் விளையாட்டை நான் வெறுக்கவில்லை. கடையில் விளையாடக் கூடாது.

அந்த நாட்களில் எங்களுக்கு இணையம் என்றாலே செயற்கைக்கோள். கேட்டது 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்கி, பதில் அதே மாதிரி ஏறி இறங்க அரை நொடி. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். நிரலையும் அதன் விளக்கத்தையும் இறக்கிப் படித்த எங்களுக்கு 'மூன்றே பைட்' என்பது வேடிக்கையாக இல்லாமல் சௌகரியமாகத்தான் இருந்தது. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் வந்து சேர்ந்தது. போர்ட் பிளேரோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அன்றைக்கு எல்லோரும் பைட் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

இப்போது பாக்கி வைத்த சங்கடம். இருபுறமும் ஒன்றாகப் படிப்பதில் நமக்கு நீண்ட பழக்கம். சீர்காழிக்காக ஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது; பாட்டுப் பாட்டாகப் பின்னாலிருந்தும் படிக்கலாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த 'விகடகவி'யை அந்த ஐந்து குறி நிரலில் போட்டேன்.

0.

கோல்ஃப்ஸ்கிரிப்ட் பைட்டைப் புரட்டுகிறது. 21 பைட்டும் தலைகீழாகி, எந்த மொழியிலும் இல்லாத குப்பை ஆகிவிட்டது. 'ஆ' என்று ஒற்றை எழுத்தைக் கொடுத்தாலும் அதே 0. ஒற்றை எழுத்தே இருபுறமும் ஒன்றாகப் படிக்காது என்று சாதிக்கிறது. சரி, பைட்டுக்குப் பதில் யூனிகோடு குறிகளைப் புரட்டும் மொழிக்குப் போனேன். 'கடக' தேறியது. விகடகவி மறுபடி 0. ஏனென்றால் கணினிக்குள் 'வி' என்பது வ-வும் அதன் பின்னால் ஒரு கொக்கியும். புரட்டினால் கொக்கி முன்னால் வந்து தனியே தொங்கும். 1991-ல் யூனிகோடு வந்தபோது 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரவில்லை. இந்திய மொழிகளுக்கான இஸ்கி முறையைப் பின்பற்றி உயிர், அகரமேறிய மெய், கொக்கி கால் புள்ளி என்று பிரித்து வைத்தார்கள். ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஓர் எண் தரும் டேஸ்-16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்றது. அதில் புரட்டினால் பழுதில்லை. ஆனால் உலகம் யூனிகோடில் எழுதுகிறது.

எழில் என்ற தமிழ் நிரல்மொழியைச் செய்த முத்து அண்ணாமலை, ஓப்பன்-தமிழ் என்ற தொகுப்பையும் கூடவே வளர்த்தார். (எழில் அடுக்கு மொழி இல்லை, ஆனாலும் அதில் நிபந்தனையை முதலில் எழுதி, 'ஆனால்' என்ற சொல்லைப் பின்னால் வைக்க வேண்டும். தமிழ் வரிசை எங்கே போனாலும் கூடவே வந்துவிடுகிறது.) கொக்கியை அதன் எழுத்தோடு சேர்த்துக் கட்டி, சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும் சிறு கருவி ஓப்பன்-தமிழில் உண்டு. முதலில் அதை அழைத்தேன். வி, க, ட, க, வி. பிறகு புரட்டு, ஒப்பிடு. ஐந்து குறி இப்போது நாலு வரியாக வளர்ந்திருந்தது.

1.

(அடுத்த இதழில்: அடுக்கு அச்சகத்துக்குள் நுழைகிறது. 1984-ல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட்.)